மூன்று எண், ஒரு என்ஜின்

காதுக்காரர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே அதில் எந்த சிலிண்டர் சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று பட்டறைக்குள் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் பேசவே மாட்டார்.

அன்று காலை பச்சை நிற இங்கிலாந்து வண்டி ஒன்று வந்து நின்றது. இரண்டே இருக்கை, தலைக்கு மேல் கூரை கிடையாது. ஓட்டி வந்தவள் பல் டாக்டர். வண்டி அவளுடைய அப்பாவுடையது. அவர் போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது.

"அங்கிள், என் பேருக்கு மாத்தப் போனேன். ஆர்.சி. புக்ல இருக்கிற என்ஜின் நம்பரும் வண்டியில இருக்கிறதும் வேற வேறயாம். என்ன என்ஜின், எப்ப மாத்தினதுன்னு ஒரு மெக்கானிக் எழுதிக் கொடுக்கணுமாம்."

காதுக்காரர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இந்த வண்டியை முன்னிட்டுத்தான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சொந்தத் தம்பியைப் பட்டறையை விட்டு அனுப்பினார். "இங்க யாரோ என் என்ஜினை மாத்திட்டாங்க" என்று இவள் அப்பா புத்தகத்தை நீட்டிக் கத்தினார். காதுக்காரர் வண்டியைக் கிளப்பிக் கேட்டார். சத்தம் வேறு, சத்தியமாக வேறு. அந்த வாரம் அதில் கை வைத்தவன் தம்பி ஒருவன்தான். "அண்ணே, என்ஜினை நான் தொடவே இல்ல, அந்த..." என்று அவன் ஏதோ சொல்ல வந்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் யார் என்ன சொல்ல முடியும்? தம்பி போனவன் போனவன்தான்.

"எழுதித் தரேன் டாக்டரம்மா. ஆனா பாக்காம எழுத மாட்டேன்" என்றார். தம்பியின் திருட்டுக்குத் தன் கையாலேயே சாட்சி எழுதப் போகிறோம் என்று நெஞ்சு கசந்தது.

பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் ஓர் எண். என்ஜின் பக்கவாட்டில் ஆணி அடித்த தகட்டில் வேறோர் எண். அச்சில் வார்த்த எண் ஒன்று பின்பக்கச் சுவரோரம் ஒளிந்திருந்தது. டாக்டர் தன் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டாள்.

"பல்லுன்னா பழக்கம் அங்கிள். நம்பர் எல்லாம் திரும்பித் திரும்பி வருது." இரண்டு தடவை படித்தாள். இரண்டு தடவையும் இரண்டு விடை வந்தது.

அதில் ஒரு விடைப்படி உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் மூன்று இருக்க வேண்டும் என்றது பழைய பார்ட்ஸ் புத்தகம். மற்றதன்படி ஐந்து. தகட்டு எண்ணுக்கு முன்னால் இருந்த எழுத்தோ அந்தப் பார்ட்ஸ் புத்தகத்தில் எங்கும் கண்ணில் படவில்லை. காதுக்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. எண்ணைப் பார்த்து வேலை செய்கிறவனுக்குக் காது எதற்கு என்று ஆயுசு பூராவும் சிரித்தவர் அவர். ஒரு வண்டியின் தகட்டையாவது அவர் படித்ததில்லை.

"திறந்து எண்ணிட வேண்டியதுதான்" என்றார்.

எண்ணெயை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி, விளக்கைப் பிடித்தார். ஐந்து பேரிங். ஒவ்வொன்றின் மூடியிலும், இடம் மாறாமல் இருக்க அவர் எப்போதும் அடிக்கும் புள்ளிகள். விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

புள்ளிகள் வட்டமாக இல்லை. நகம் கிள்ளியது போல அரைவட்டமாக இருந்தன. முனை உடைந்த, புள்ளி குத்தும் பழைய பஞ்ச்சால் அடித்தவை. அந்தப் பஞ்ச்சை அவர் தூக்கிப் போட்ட நாள் மறக்கக்கூடியதல்ல. பட்டறைக்கு வேலைக்கு வந்த முதல் நாள் தம்பி புது பஞ்ச் ஒன்று வாங்கி வந்து, "இனிமே இதால அடிங்கண்ணே" என்றான்.

ஆக, தம்பி இந்தப் பட்டறையில் கால் வைப்பதற்கு முன்பே, இதே என்ஜினை இவரே பிரித்து மாட்டியிருக்கிறார். பார்ட்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அந்தத் தகட்டு எழுத்தும் அகப்பட்டது. மாற்றுக்கென்றே கம்பெனி கட்டித் தந்த என்ஜினாம்.

"அப்ப யாரு அங்கிள் மாத்தினது?"

"உங்கப்பா இதை வாங்கின கையோட கொண்டு வந்தப்ப நான் பிரிச்சது இதே என்ஜின்தான். அதுக்கு முன்னாடியே யாரோ மாத்தியிருக்காங்கம்மா. எங்க ஆளு இல்ல." சத்தம் வேறாக இருந்ததே, அது எப்படி? அது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

தொட்டியை மாட்டி, எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கிளப்பி, என்ஜினை ஓடவிட்டபடியே பின்னால் வீட்டிலிருந்த மனைவியைக் கூப்பிட்டார். "அவன் நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"உங்களுக்குத் தெரியாம பன்னெண்டு வருஷமா பேசிட்டுத்தான் இருக்கேன்" என்று அவளே அழைத்துக் கையில் கொடுத்தாள்.

மறுமுனையில் ஒரு கரகரத்த குரல் "ஹலோ" என்றது. காதுக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு பேசுறது?" என்றார்.

காதுக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான்தாண்ணே" என்றது குரல். "பின்னாடி ஓடுறது அந்தப் பச்சை வண்டிதானே? நான் மாத்தின சைலன்சர் இன்னும் அதுலயேதான் இருக்கா?"