பந்துக்கு அந்தாண்ட நாலு விரக்கடை

முத்தியால்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கிருஷ்ணசாமிக்கு ஐம்பத்து நாலு வயசில் கோல்ஃப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவே பேசியது. தெரு பேசியதில் பாதிதான் சரி. மனுஷனுக்குப் பைத்தியம் இருந்தது வாஸ்தவம். அது கோல்ஃப் மேல் இல்லை, அண்ணன் மேல்.

அண்ணன் விஜயராகவன் இருப்பது பிரான்சில், லியோன் பக்கம். அப்பா செத்தபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயசு. காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் புத்தகத்தைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு மில்லுக்குப் போனார். ஷிப்டு ஷிப்டாக நின்று தம்பியைப் பாலிடெக்னிக் வரைக்கும் படிக்க வைத்தார். அப்புறம் பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீட்டில் பெண் அமைந்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டு கப்பல் தூரம் போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் வீடு தேர்த்திருவிழாதான். அத்தை, மாமன், பங்காளி என்று கூட்டம், வீராம்பட்டினத்து இறால், எல்லாருக்கும் சென்ட்டு பாட்டில். அண்ணனும் தம்பியும் தனியாக உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியது கிடையாது.

அங்கே போய் அண்ணனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதற்கெடுத்தாலும் மெர்சி. தண்ணீர் கொடுத்தால் மெர்சி, துண்டு கொடுத்தால் மெர்சி, பல்லி விழுந்த சாம்பாரைக் கொட்டிவிட்டு வேறு சாம்பார் ஊற்றினாலும் மெர்சி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கிருஷ்ணசாமி மட்டும் சிரிக்க மாட்டார். ஒரு தம்ளர் தண்ணீருக்கு இந்த மனுஷன் நன்றி சொல்கிறாரே, தன் படிப்பை நமக்காகத் தூக்கிப் போட்டதற்கு நாம் ஒரு வார்த்தை சொன்னோமா என்று உள்ளுக்குள் அரிக்கும். நம் வீடுகளில் கூடப்பிறந்தவனிடம் போய் நன்றி என்று எவன் சொல்கிறான்? மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். சொல்லாமலே முப்பது வருஷம் ஓடிப்போச்சு.

ஏழு மாசத்துக்கு முன்னால் அண்ணன் போனில் சொன்னார். "ரிட்டையர் ஆனதிலருந்து கோல்ஃப் ஆடறேன்டா கிருஷ்ணா. ரெண்டு பேரு மூணு மணி நேரம் சும்மா நடக்கறோம். நடுவுல யாரும் வரமாட்டாங்க. மனசுல இருக்கறத எல்லாம் பேசிடலாம். நீயும் கத்துக்கோயேன். வரும்போது சேந்து ஆடலாம்."

போனை வைத்ததும் கிருஷ்ணசாமி தீர்மானம் பண்ணிவிட்டார். தவளக்குப்பம் தாண்டி சவுக்குத் தோப்புக்குள் ஒன்பது குழி உள்ள சின்ன கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. தண்ணீர் தெளிக்கும் மோட்டார் புகைந்தால் அங்கிருந்து இவரைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த தடவை போனபோது, "எனக்கும் இதை ஆடணும்" என்றார். மேனேஜர் பலராமன் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பழைய ஏழாம் நம்பர் மட்டையைக் கொடுத்தார்.

தினமும் தவளக்குப்பம் போய்வரக் கட்டுப்படியாகுமா, தொழில் என்னாவது? அதனால் வீட்டு மொட்டைமாடியிலேயே கடை விரித்தார். கிழிந்த மீன்வலையை வாங்கிக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டார். கீழே தேங்காய் நார் மிதியடி, அதன் மேல் பந்து. முதல் நாள் ஓங்கி அடித்த அடியில் மட்டை மிதியடியைத் தாண்டி சிமெண்டுத் தரையில் பட்டது. முழங்கை வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி உதறியது. கீழே சமையலறையில் சம்சாரம் கலைவாணி தோசை மாவு வழித்துக்கொண்டிருந்தாள். கூரையிலிருந்து காரை பெயர்ந்து மாவில் விழுந்தது.

"ஐயோ, வீட்ட இடிக்கறீங்களா, இல்ல பந்து வெளயாடறீங்களா?" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து கிருஷ்ணசாமி தரையைத் தொடாமல் அடிக்கப் பழகினார். பூப்போல வந்து பந்தின் தலையை மட்டும் தட்டிவிட்டுப் போகும் மட்டை. வலைக்குள் அடிப்பதால் பந்து எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியாது. சத்தம் மட்டும் ஜோராக இருக்கும். நமக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

மைதானத்தில் சட்டம் ஒன்று உண்டு. புதுசாகக் கற்றவர்களை நேரே ஆட்டத்துக்கு விட மாட்டார்கள். பத்துப் பந்து அடிக்க வேண்டும். எதிரே இருக்கிற குட்டையைத் தாண்டி ஆறு பந்தாவது விழ வேண்டும். அதற்கப்புறம்தான் ஒன்பது குழியும் நடக்கலாம். கிருஷ்ணசாமி போன மாசம் ஒருமுறை தோற்றார். அண்ணன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மறுபடி தோற்றார். எட்டுப் பந்து தரையோடு தரையாக உருண்டு குட்டைக்குள் இறங்கின.

"சார், அடுத்த சனிக்கிழம கடைசியா ஒரு தடவ பாக்கலாம். அதுலயும் முடியலன்னா மூணு மாசம் கழிச்சுத்தான்," என்றார் பலராமன்.

மூணு மாசம்! அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக ஒரே வாரம் வருகிறார். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு இருவர் பேரிலும் நேரம் குறித்தாகிவிட்டது. திங்கள் அன்று விமானம். அவருக்கோ அறுபத்திரண்டு வயசு, போன வருஷம் இருதயத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? கிருஷ்ணசாமி சவுக்கு நிழலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அப்போதுதான் செந்தமிழ்ச்செல்வி மணல் வாளியோடு வந்தாள். அபிஷேகப்பாக்கத்துப் பெண், முப்பத்தெட்டு வயசு இருக்கும். ஆறு வருஷமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை. ஆடுகிறவர்கள் அடிக்கும்போது மட்டை புல்லைப் பெயர்த்துக்கொண்டு போகும் அல்லவா, அந்தப் பள்ளத்தில் மணலும் விதையும் போட்டுக் காலால் அமுக்கிவிட்டுப் போவாள். கிருஷ்ணசாமி அடித்த இடத்தில் வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"ஏம்மா, போட மாட்டியா?"

"எங்க சார் போடறது? உங்க இடத்துல மட்டும் எனக்கு எப்பவும் வேலையே இருக்காது."

கிருஷ்ணசாமிக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமை வந்தது. "நான் சுத்தமா அடிக்கிறவன்மா. புல்லுக்குக்கூட நோவாது."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான் சார் உங்க கோளாறே. தப்பா நெனச்சுக்காதீங்க. நான் குச்சியத் தொட்டது கெடயாது, ஆனா பூமியப் பாத்தே யாரு எப்படி அடிச்சாங்கன்னு சொல்லுவேன். ஒழுங்கா அடிக்கிறவங்க எல்லாம் பந்து இருந்த எடத்துக்கு அந்தாண்ட பேத்துருப்பாங்க. பந்த அடிச்சுட்டு அப்புறம் மண்ண அடிப்பாங்க. சொதப்பறவங்க பந்துக்கு இந்தாண்டயே பேத்துடுவாங்க. நீங்க ரெண்டும் இல்ல. மண்ணக் கண்டா பயந்து கைய மேல இழுத்துக்கறீங்க. பந்து மண்டையில தட்டு வாங்கிக்கினு உருளுது."

கிருஷ்ணசாமிக்கு மொட்டைமாடி, மிதியடி, மாவில் விழுந்த காரை எல்லாம் கண்முன்னால் வந்தது. ஏழு மாசமாக வேர்க்க வேர்க்கப் பழகியது அத்தனையும் சிமெண்டுக்குப் பயந்த பழக்கம்!

செல்வி வாளியிலிருந்து மணலை எடுத்துப் புல்மேல் கோலத்துக்கு இழை இழுப்பதுபோல் நீளமாக ஒரு கோடு போட்டாள். "பந்தே வேணாம். இந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் காலு வெச்சு நில்லுங்க. கோட்டுக்கு அந்தாண்ட நாலு விரக்கடையில, இந்த நாலு வெரல் அகலத்துல, மண்ணப் பேக்கணும். அந்த எடத்தையே பாருங்க. இது சிமெண்டு இல்ல சார், பூமி. வாங்கிக்கும். தைரியமா அடிச்சு எனக்கு வேலை வைங்க."

முதல் பத்து வீச்சு காற்றில் போனது. பதினோராவதில் கோட்டுக்கு இந்தப் பக்கமே ஒரு பிடி மண் எழும்பியது. "ஒடம்பு பின்னாலயே நிக்குது. எடது காலுக்கு வந்துட்டு அடிங்க," என்றாள் செல்வி. முப்பதாவதோ என்னவோ, கோட்டுக்கு அந்தாண்ட வெற்றிலை அளவுக்குப் புல் பெயர்ந்து பறந்தது. கை உதறவே இல்லை. கிருஷ்ணசாமி பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆறு மூட்டை மணலை மாடிக்கு ஏற்றினார். "மாடியில இன்னொரு வீடு கட்டப் போறீங்களா?" என்று கலைவாணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் மூட்டையை அவிழ்த்தார். மணலைப் பரப்பி, விரலால் கோடு கிழித்து, காலையில் கடை திறக்கும் முன்னால் நூறு வீச்சு. அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். வீடு நிறைந்தது, மெர்சி மெர்சி என்று ஒரே அமர்க்களம். தம்பி அந்தக் கூட்டத்திலிருந்து நழுவி நழுவி மாடிக்குப் போவதை அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை வந்தது. பலராமன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் பந்து குட்டைக்குள். இரண்டாவதும் குட்டைக்குள். பயம் வந்தால் கை பழைய வழிக்கே போகிறது, என்ன செய்ய? தூரத்தில் வாளியோடு நின்ற செல்வி தன் காலடி மண்ணை ஒரு மிதி மிதித்துக் காட்டினாள். கிருஷ்ணசாமி மூச்சை விட்டார். பந்தை மறந்தார். அதற்கு அந்தாண்ட நாலு விரக்கடை பூமியைப் பார்த்தார். மூன்றாவது பந்து எழும்பிக் குட்டையைத் தாண்டிப் போய் விழுந்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு எல்லாமே தாண்டின. எட்டு போச்சு. ஒன்பதும் போச்சு. ஐந்துதான் தேறியிருக்கிறது, மிச்சம் ஒரே ஒரு பந்து. உள்ளங்கை வேர்வையை வேட்டி என்று நினைத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டு அடித்தார். மண் பறந்தது. பந்து தப்பித்தோம் பிழைத்தோம் என்று எதிர்க்கரையில் விழுந்து, ஒரு குதி குதித்து நின்றது.

"நாளைக்கு ஆடலாம் சார்," என்று எழுந்த பலராமன் தரையைப் பார்த்து முகம் சுளித்தார். "அடேயப்பா, கோழி கெளறின மாதிரி ஆக்கிட்டீங்களே."

கிருஷ்ணசாமி நேரே செல்வியிடம் போய்க் கை கூப்பினார். "ரொம்ப நன்றிம்மா. நீ செஞ்சது என்னன்னு உனக்கே தெரியாது." அவள் கூச்சப்பட்டு, "அட போங்க சார், மண்ணப் பாத்தேன், சொன்னேன்," என்று வாளியை எடுத்துக்கொண்டாள். வண்டியில் வீடு திரும்பும்போது கிருஷ்ணசாமிக்கு உறைத்தது. வெளி ஆளிடம் இவ்வளவு லேசாக வருகிற வார்த்தை, வீட்டு ஆளிடம் ஏன் வர மாட்டேன் என்கிறது?

ஞாயிறு காலை அண்ணனும் தம்பியும் மட்டும் நடந்தார்கள். பனி ஈரம், சவுக்கு இரைச்சல், தூரத்தில் கடல். அண்ணன் லியோன் குளிரைப் பற்றிப் பேசினார், முட்டி வலியைப் பற்றிப் பேசினார், கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். தம்பி உம் கொட்டிக்கொண்டே வந்தார். இப்போது சொல்லலாம், இந்தக் குழி முடிந்ததும் சொல்லலாம் என்று இரண்டு குழி போய்விட்டது.

மூன்றாவது குழியில் கிருஷ்ணசாமி அடித்த அடி அப்படியொரு அடி. பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. "பிராவோ!" என்று கத்தினார் அண்ணன். பந்தைப் பார்த்தபடியே பத்தடி நடந்துவிட்டுத் தம்பி திரும்பினார். அண்ணன் பின்னால் வரவில்லை. வலிக்கிற முட்டியை மடக்கித் தரையில் ஊன்றி, தோளில் மாட்டியிருந்த சின்னப் பையிலிருந்து மணலை எடுத்து, தம்பி பெயர்த்த பள்ளத்தில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். அவர் ஊரில் ஆடுகிறவர்களே பள்ளத்தை மூடுவதுதான் வழக்கமாம்.

கிருஷ்ணசாமி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தார்.

"விடுண்ணே. எழுந்திரு. போதும்ண்ணே நீ எனக்குச் செஞ்சது."

"ஒரு பிடி மண்ணுடா. இதுக்கு என்ன?"

"மண்ணச் சொல்லல. நீ காலேஜ விட்டத சொல்றேன். மில்லுல நின்னத சொல்றேன். நான் படிச்சேன், தொழில் கத்துக்கிட்டேன், பொண்டாட்டி புள்ளயோட நல்லா இருக்கறேன். எல்லாம் நீ போட்டதுண்ணே. ஒரு நாளும் நான் உங்கிட்ட சொன்னதில்ல. நன்றிண்ணே." குரல் உடைந்துவிட்டது. "இத சொல்லத்தான் இந்த ஆட்டத்தையே கத்துக்கிட்டேன்."

ஆயிரம் தடவை மெர்சி சொன்ன வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்து எழுந்தார். "இதுக்காடா மாடிக்கும் கீழயுமா ஓடிக்கிட்டிருந்த?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகப் போனது. முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, தன் பந்துக்கு முன்னால் போய் நின்றார்.

அவர் அடித்ததில் பெரிய துண்டாகப் புல் பெயர்ந்தது. கிருஷ்ணசாமி அவர் தோளிலிருந்த மணல் பையை வாங்கிக்கொண்டு, அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டார்.

தூரத்திலிருந்து பார்த்துவிட்ட செல்வி வாளியோடு ஓடிவந்தாள். "சார், சார், எழுந்திருங்க! அது என் வேலைங்க!"

கிருஷ்ணசாமி நிமிராமல் மணலைக் கையால் அமுக்கினார்.

"இன்னிக்கு மட்டும் விடும்மா. இது என் வேலை."