பஸ்ஸை முந்துகிறவர்கள்

மெதுவாக ஓடுவதைப் பற்றித் தில்லைநாயகம் சாருக்கு ஒரே கருத்துதான் இருந்தது: கறிவேப்பிலை வாங்கப் போகிறவன் அப்படிப் போகலாம். பாளையங்கோட்டையில் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பதினோரு பேருக்கு அவர்தான் பயிற்சியாளர். திங்களும் வியாழனும் இலகு ஓட்டம் என்று அட்டவணையில் எழுதுபவரும் அவரே. எழுதிவிட்டு, அன்றைக்கும் ஸ்டாப்வாட்சோடு நின்று கடைசியில் வருகிறவனைக் காய்ச்சி எடுப்பார்.

பையன்கள் அவரையும் மிஞ்சியவர்கள். இலகு ஓட்டத்தன்று குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் காத்து நின்று, மேலப்பாளையத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸோடு பந்தயம் போடுவார்கள். மூன்றாவது நிறுத்தம் எல்லை. இடையில் இரண்டு இடத்தில் பஸ் நின்று ஆளேற்றும் என்பதை ஒருவனும் யோசித்ததில்லை. கண்டக்டர் விசிலடிப்பார், ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். முந்துகிறவன் பெரும்பாலும் குற்றாலலிங்கம். முந்திவிட்டு ரோட்டோரம் குனிந்து வாந்தியெடுப்பான். அதைச் சார் உழைப்பு என்பார். அதே ஆட்கள் போட்டியன்று ஆறாவது கிலோமீட்டரில் துவண்டு விழுவதை விதி என்பார்.

ரசீத் மட்டும் பின்னால் பைய வருவான். பத்து கிலோமீட்டரை முப்பத்து மூன்று நிமிடத்தில் முடிக்கிறவன், இலகு நாளில் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் எடுத்துக்கொள்வான். செங்கோட்டை லைன் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஓடுவான்: பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். மூச்சு இரைக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நேற்றைய கடும் ஓட்டத்தில் களைத்த கால் தேறுவதற்குத்தான் இன்றைய ஓட்டம். இது விளங்காத பத்துப் பேரிடம் வாயைத் திறப்பதே வீண் என்று அவன் நினைத்தான். அவர்கள் மேல் அவனுக்குக் கோபம் கிடையாது. கோபப்படவும் எதிரே ஓர் ஆள் வேண்டுமே.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். மாவட்டப் போட்டியில் பத்தாயிரம் மீட்டரில் முதலில் வருகிறவனுக்கு வேலை தருவதாக ஓர் ஆலை சொல்லியிருந்தது. ரசீத் ஜெயித்தால் அந்த வேலை. இல்லாவிட்டால் மாமா அனுப்பிய விசாவில் சவூதியில் தம்மாம். வாப்பா பீர் முகம்மது போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை குற்றாலலிங்கம் இல்லை. பெரியப்பா இறந்து, ஆழ்வார்குறிச்சியில் காரியம் முடியும்வரை பத்து நாள் வீட்டோடு அடைந்து கிடந்தான். அவன் இல்லாமல் பஸ்ஸிடம் தோற்க மனமில்லாத மற்ற வீரர்கள் அன்றைக்குக் கேட்டில் நிற்காமலே நழுவிவிட்டார்கள். ரசீத் தனியாக வீரவநல்லூரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பஸ் பக்கத்தில் வந்தது.

"ஏலே, பஸ்ஸோட போட்டி போட இன்னைக்கு இந்த மாட்டு வண்டிதான் கெடச்சுதா?" என்றார் கண்டக்டர்.

பஸ் முழுக்கச் சிரித்தது. ரசீத் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் நாலாவது ஜன்னலில் தெரிந்த தொப்பி பழகியதாக இருந்தது. வாப்பா. மகன் ஓடி ஒரு நாளும் பார்த்திராதவர். பக்கத்து சீட்டுக்காரர் அவனைக் காட்டி ஏதோ கேட்க, அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ரசீத் ஓடினான். முதல் நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடித்தான். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு முழம் முன்னால் நின்றான். விசில் பறந்தது. வாப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். "நல்லாத்தாம்லே ஓடுத" என்று அன்று சாயங்காலம் சொன்னார். அவன் கெண்டைக்கால் அதற்குள் கல்லாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரை அது இளகவில்லை. ஏழாவது கிலோமீட்டரில் இருவர் அவனைக் கடந்து போனார்கள். முதலில் வந்தவன், காரியம் முடிந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்த குற்றாலலிங்கம். பத்து நாள் ஓடாமல் இருந்த கால்கள் ஏன் இப்படிப் பறந்தன என்று அவனுக்கே தெரியவில்லை. சாருக்குத் தெரிந்திருந்தது. துக்க வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் ஓடியிருப்பான் என்று சுற்றி நின்றவர்களிடம் அடித்துச் சொன்னார். பிறகு ரசீத்திடம் வந்தார்.

"வியாழக்கெழம பஸ்ஸ முந்துனியாமே. தெனமும் அப்படி ஓடியிருந்தா இன்னைக்கு நீதாம்லே மொதல்ல வந்திருப்ப."

மகன் ஓடுவதைப் பார்க்க முதல் தடவையாக மைதானத்துக்கு வந்திருந்த வாப்பா பக்கத்தில் நின்று இதைக் கேட்டார். சார் போன பிறகு, "என்னலே, அன்னைக்கு ஓடுன மாதிரி இல்லையே?" என்று மகனிடம் மெல்லக் கேட்டார்.

ரசீத் ஷூவின் கயிற்றை அவிழ்த்தான்.

"சார் சொல்லுததுதான் சரி வாப்பா. நான் தெனமும் வேகமா ஓடியிருக்கணும்."

வாப்பா தலையை ஆட்டினார். விசாவுக்கான மெடிக்கலுக்குப் புதன்கிழமை மெட்ராஸ் போக வேண்டியிருக்கும் என்றார்.