ரோஜர்க்கா

வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்துவிட்டால் இவாஞ்சலின் வாயில் தமிழ் தங்காது. ராஜபாளையத்தின் பெரிய ஈவென்ட் மேனேஜர் அல்லவா, சென்னையில் படித்த பவுசு வேறு. அவள் சொன்னதும் புரிந்தது என்பதற்கு "ரோஜர்" என்று பதில் வராவிட்டால் வள்ளென்று விழுவாள். பந்தல் ஆட்கள் என்ன செய்வார்கள்? புரிந்தாலும் புரியாவிட்டாலும் பூம்பூம் மாடு கணக்காக "ரோஜர்" சொல்லிவிடுவார்கள். சுந்தரபாண்டியத்துச் சந்தனம் மட்டும் மரியாதை விடாமல் "ரோஜர்க்கா" என்பான்.

போன ஆனியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை வேலை நடக்கும்போதே மலைக்காற்று கிளம்பிவிட்டது. "ட்ரஸ் அன்ஸ்டேபிள், ஜோன் பி எவாக்குவேட்" என்றாள். "ரோஜர்க்கா" என்று பதில் வந்தது. அவளும் நிம்மதியாகச் சமையல்காரரிடம் பேசப் போய்விட்டாள். விளக்குகள் கட்டிய இரும்புச் சட்டம் சாய்ந்தபோது சந்தனம் அதன் அடியிலேயே நின்றிருந்தான். ஓடச் சொன்னாள் என்பதே அந்தப் பாவிக்குத் தெரியவில்லை.

அவனை அடக்கம் செய்த பிறகு அவள் எந்த விசேஷத்தில் எதைச் சொன்னாலும், எல்லாருடைய "ரோஜர்" ஓய்ந்ததும் மெதுவாக இன்னொன்று வரும். "ரோஜர்க்கா." வயர்லெஸ் செட்டை மாற்றினாள். ஜெபம் பண்ணிப் பார்த்தாள். ஆட்களைக் கேட்டால், தங்களுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை என்றார்கள்.

இந்த ஆனியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. மத்தியானமே காற்று பிடித்துக்கொண்டது. பந்தல் மேஸ்திரி பாண்டிதுரையும் ஆட்களும் விளக்குச் சட்டத்துக்குக் கீழே பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் இரும்பு கிறீச்சிட்டது. "ட்ரஸ் அன்ஸ்டேபிள், ஜோன் பி எவாக்குவேட்" என்று பழைய வாய் பழையபடியே சொல்லிவிட்டது.

"ரோஜர்" என்றான் பாண்டிதுரை. மற்றவர்களும் சொன்னார்கள். ஒருவரும் அசையவில்லை. கடைசியாக அந்தக் குரல் வந்தது.

"ரோஜர்க்கா."

அன்றைக்கு அவனும் இப்படித்தான் நின்றிருப்பான்.

"பாண்டிதுரை, இரும்புச் சட்டம் சாயப் போவுது. அடியில யாரும் நிக்காதிய. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வெளிய ஓடியாங்க."

ஓடிவந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சட்டம் சரிந்து விழுந்தது. பாண்டிதுரைக்கு மூச்சு வாங்கியது. "மொதல்லயே இப்படிச் சொல்லக் கூடாதாக்கா?" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் வயர்லெஸ் கரகரத்தது.

"எனக்கும் இப்பத்தான்க்கா வெளங்குச்சு. நானும் வெளிய வந்துறவா?"

ஒரு வருஷமாக அவன் அந்தச் சட்டத்துக்கு அடியிலேயே நிற்கிறான்.

"வந்துரு சந்தனம்," என்றாள். "வெளிய வந்துருய்யா."

பதில் வந்தது.

"சரிக்கா."