நாற்காலி நடனம்

...தேடல் பெட்டியில் வகுப்பின் பெயரைத் தட்டினால் போதும், எந்த ஜிம், எந்தக் கிளை, எந்த அறை, எத்தனை மணிக்கு, எல்லாம் வந்து விழும் என்று எழுதிவிட்டு நிறுத்தினாள், 'வந்து விழும்' வேண்டாம், 'கிடைக்கும்' போதும், கையேடு எழுதுகிறவள் கதை எழுதக் கூடாது. உதாரணம் ஒன்று வேண்டுமே... யோகா என்று போட்டால் முடிவுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, ஜூம்பா அதைவிட மோசம், சின்னதாக, அடக்கமாக ஒன்று... விரல்கள் தாமாகவே தட்டின, நாற்காலி நடனம். ஒரே ஒரு முடிவு. கிளை, மாடி, அறை, செவ்வாயும் வியாழனும் மாலையில். இத்தனை ஊர்களில், இத்தனை ஜிம்களில் அந்தப் பெயரில் இருப்பது இது ஒன்றுதான், ஏனென்றால் பெயரை வைத்தவள் தங்கை. புருஷன் வீட்டில் இருந்தபோதே தொடங்கியது, முட்டி வலிக்காரர்கள் உட்கார்ந்தபடியே ஆட ஒரு வகுப்பு, என்ன பெயர் வைக்கலாம்க்கா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே வைத்துக்கொண்டாள். புருஷன் அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய பிறகு ஓடிவந்தவள், ஊரை மாற்றினாள், முடியை வெட்டினாள், அட்டவணையில் வேறு பெயரில் நிற்கிறாள்... வகுப்பின் பெயரை மட்டும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? யார் தேடப் போகிறார்கள் என்றுதான். இப்போது எல்லா ஜிம் அட்டவணைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தேடுவதற்கென்றே ஒரு கருவி, அதற்கு வழிகாட்ட அக்காவே உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் புருஷனுக்கு என்ன தொழில்? ஜிம் ஜிம்மாகப் போய் டிரெட்மில் பழுது பார்ப்பது. இந்தக் கருவி யாருக்காக? எந்த அறை எப்போது காலி என்று தெரியாமல் அலைகிற பழுதுபார்ப்பவர்களுக்காக. அவன் கம்பெனி சந்தா கட்டியாயிற்று, மாலையில் கருவி வெளியாகிறது, நாளைக் காலை அவன் கையில் இருக்கும்... எழுந்து போய் டீம் லீடரிடம் நின்றாள். எதைக் கேட்டாலும் அவசரம் என்பான், அவசரம் என்றே அவனுக்குப் பெயர். பெயர் தேடலை இந்த முறை விட்டுவிட முடியாதா, தெரிந்த பெண் ஒருத்திக்கு ஆபத்து என்று பாதி சொன்னாள், மீதியை விழுங்கினாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் ஜிம் வாசல்ல ஒட்டியிருக்கறதுதானே மேடம். நாம என்ன பூட்டையா உடைக்கிறோம்?"

வாசலில் ஒட்டியிருப்பதைப் படிக்க எந்த வாசல் என்று தெரிய வேண்டாமா... சீட்டுக்குத் திரும்பினாள். வேண்டுமென்றே குழப்பி எழுதினால்? எழுதிப் பார்த்தாள், காலமெல்லாம் புரியும்படி எழுதிப் பழகிய கைக்குக் குழப்பத் தெரியவில்லை, குழப்பினாலும்தான் என்ன, தேடல் பெட்டி திரையின் உச்சியில் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது, அதற்குக் கையேடு எதற்கு? மாடிப்படிக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள், அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை. பிறகு தங்கை சிரித்தாள், அவள் அப்படித்தான், அழ வேண்டிய இடத்தில் சிரிப்பாள்.

"என் பேரை விட்டேன், முடியை விட்டேன். இது ஒண்ணுதான்க்கா மிச்சம்."

தெரியும்டி, என்றாள் அக்கா.

"சரி, எழுதுறவ நீதானே, நீயே ஒரு பேர் சொல்லு. யாருக்கும் ஞாபகத்துல நிக்காத பேரா."

பொது உடற்பயிற்சி, என்றாள், சொல்லும்போதே நாக்கு கசந்தது. அந்தப் பெயரில் எத்தனையோ வகுப்புகள், அந்தக் கூட்டத்தில் தங்கை தொலைந்துபோவாள், தொலைவதுதான் இப்போதைக்குப் பிழைப்பது... சீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது, வரவேற்பில் சொல்லி மாற்றிவிட்டாளாம், நீ நிம்மதியாக வேலையைப் பார் என்கிறாள். மறுபடி தட்டினாள், நாற்காலி நடனம். முடிவுகள் எதுவும் இல்லை. முதுகை நாற்காலியில் சாய்த்தாள், அப்பாடா என்று ஒரு மூச்சு, கடைசிப் பகுதி ஒன்றுதான் பாக்கி, எழுத வேண்டிய பக்கத்தை எழுதும்போதுதான் திறப்பாள், புதிதாகப் பார்க்கிறவன் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது அவள் வழக்கம், திறந்தாள். அண்மைய மாற்றங்கள். முதல் வரி சிவப்பில், நாற்காலி நடனம், இனி பொது உடற்பயிற்சி. அதே கிளை, அதே மாடி, அதே அறை...

"அந்தப் பக்கத்தை நல்லா எழுதுங்க மேடம்," என்றான் அவசரம் இருந்த இடத்திலிருந்தே, "திறந்ததும் கஸ்டமர் கண்ணுல முதல்ல படப்போறது அதுதான்."

ஒரு வரியை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்டது தன் குரல்தானா? எது மாறினாலும் காட்டும், அதில்தானே நம்ம கருவியே நிக்குது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய பெயரையே திரும்ப வைக்கச் சொன்னால்? அதுவும் இன்னொரு சிவப்பு வரியாக இதன் தலையில் வந்து உட்காரும். கையில் போன், திரையில் தங்கையின் 'நிம்மதியா'... என்ன பதில் போடுவது? தங்கையின் புருஷன் இந்தப் பெயரைத் தேடாமலேகூட இருந்திருக்கலாம், அப்படி ஒரு வகுப்பு இருந்ததே அவனுக்கு மறந்துபோயிருக்கலாம், இனி அவன் எதையும் தேட வேண்டாம்.