கர்ட் வீட்டை அலங்கரித்த வருடம்

நாற்பத்தாறு வயது வரைக்கும் கர்ட் லுட்கே தன் வீட்டுச் சுவரில் ஒரு காகிதத்தைக்கூட ஒட்டியதில்லை. அம்மா இருந்தவரை அம்மா ஒட்டினாள், பிறகு மனைவி டானா ஒட்டினாள். டானா பிரிந்துபோன பிறகு சுவர் வெறுமனே கிடந்தது. அது அவன் கண்ணில் படவும் இல்லை. அப்பேர்ப்பட்டவன் குடும்பமாகக் கூடி வான்கோழி சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால், மரம் அறுக்கும் ஆலையில் வேலை முடிந்த கையோடு கடைக்குப் போய், வண்ணக் காகிதமும் பசையும் வாங்கி வந்தான். வாங்கிய பிறகுதான் வீட்டில் கத்தரிக்கோல் இல்லை என்பது தெரிந்தது. கோழி வெட்டும் கத்தரியைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டான்.

மகள் மேரிட் நான்கு நாள் தங்க வருகிறாள். விஷயம் அவ்வளவுதான். அவளுக்குப் பதினான்கு வயது. அம்மாவோடு பக்கத்து ஊரில் இருக்கிறாள். விவாகரத்தின்போது கோர்ட்டில் எழுதிக் கொடுத்த காகிதத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது: இரட்டைப்படை ஆண்டுகளில் தேங்க்ஸ்கிவிங் அப்பாவோடு, ஒற்றைப்படை ஆண்டுகளில் அம்மாவோடு. அந்தக் கணக்குப்படி போன வருடம்தான் கர்ட்டுடைய வருடம். ஆனால் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே பிறந்த ஆண்பிள்ளைக்கு நவம்பர் என்றால் மான் வேட்டை. ஒன்பது நாள் வேட்டையின் நட்டநடுவில் வந்து விழுகிறது தேங்க்ஸ்கிவிங். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் காட்டுக் கொட்டகைக்குப் போகிறவன் அவன். டானாவுக்கு போன் போட்டு, இந்தத் தடவை நீயே வைத்துக்கொள், அடுத்த வருடத்தை எனக்குக் கொடுத்துவிடு என்றான். டானா சரி என்றாள். மானும் கிடைத்தது, எட்டுக் கிளைக் கொம்போடு.

இந்த வருடம் கொட்டகைக்கு வரவில்லை என்று சொன்னதும் கூட்டாளிகள் விட்டுவைக்கவில்லை. சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டாயா, காதில் தோடு குத்திக்கொண்டாயா என்று ஆலையில் ஒரு வாரம் ஓட்டினார்கள். கர்ட் அசடு வழியச் சிரித்துக்கொண்டான். உள்ளுக்குள் வேறு ஒரு பயம் இருந்தது. கொஞ்ச நாளாக மேரிட் அவனோடு மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தாள். முன்பெல்லாம் கோபப்படுவாள், கதவை அறைவாள். இப்போது கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், நன்றி சொல்கிறாள், போய்விடுகிறாள். பெற்ற மகள் விருந்தாளியாக மாறிக்கொண்டிருந்தாள். இந்த நான்கு நாளில் அதைச் சரிசெய்யாவிட்டால் இனி எப்போதும் முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. அதில் தப்பில்லை. அந்த மனிதனுக்குக் காலம் கடந்து தோன்றியதுதான் தப்பு.

கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டினால் வான்கோழி. கட்டைவிரல் தலை, மற்ற நாலு விரலும் தோகை. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் செய்வார்கள். வரைய வீட்டில் சின்னக் கை இல்லாததால் கர்ட் தன் கையையே வைத்து வரைந்தான். ஒவ்வொரு வான்கோழியும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்தது. ரம்பத்தில் ஆள்காட்டி விரலில் பாதி போயிருந்ததால் எல்லாக் கோழிக்கும் ஓர் இறகு குட்டை.

அக்கா லோயிஸ் வான்கோழியை எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் வேகவைப்பது என்று எழுதிக் கொடுக்க வந்தாள். சுவரைப் பார்த்தவள் கிட்டப் போய் ஒரு கோழியை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, கோழிப் பண்ணையில நோய் வந்தாப்ல இருக்கு?"

"கேலி பண்ணாதக்கா. பாக்க நல்லா இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

"நல்லாதான் இருக்கு," என்றாள் லோயிஸ், குரலைத் தணித்து. பிறகு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். இருவருமாக கிரான்பெர்ரி பழங்களை மாலையாகக் கோத்து ஜன்னலுக்குக் கட்டினார்கள். பரணிலிருந்து அம்மாவின் பெட்டியை இறக்கினார்கள். பண்டிகைக்கென்று மனித உருவில் வார்த்த மெழுகுவர்த்திகள்: கறுப்புத் தொப்பி வைத்த மெழுகு மனிதன், வெள்ளைக் குல்லாய் போட்ட மெழுகு மனைவி. ஐம்பது வருடமாக ஒருவரும் திரியில் நெருப்பு வைக்காத ஜோடி. பரண் வெக்கையில் மனைவியின் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. அவர்களை மேஜை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் குட்டிப் பூசணிகளும் வண்ணச் சோளக்கதிர்களும் வைத்தார்கள். மேரிட்டின் பெயரைக் காகித இலையில் எழுதி, அவள் தட்டின்மேல் கர்ட்டே வைத்தான். எழுத்து கோணலாக இருக்கிறது என்று மூன்று இலையைக் கிழித்துப்போட்டு நாலாவதை வைத்தான்.

புதன்கிழமை நாலு மணிக்கு டானாவின் கார் வந்து நின்றது. மேரிட் மட்டும் இறங்கினாள். கையில் பை இல்லை. கார் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

உள்ளே வந்தவள் நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு காகிதக் கோழியின் குட்டை இறகைத் தொட்டு, "இது உங்க கையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். அழகாக இருப்பதாகச் சொன்னாள். கோட்டைக் கழற்றவில்லை.

"அப்பா, நான் நாளைக்கு அங்கயே இருந்துக்கறேன். போன்ல சொல்றது சரியில்ல, நேர்ல போய்ச் சொல்லுன்னு அம்மா சொன்னா. அதான் வந்தேன்."

கர்ட்டுக்குச் சுள்ளென்று ஏறியது. போன வருடம் பேசியதை உன் அம்மா மறந்துவிட்டாளா, வாய்வார்த்தைதானே என்று ஏமாற்றப் பார்க்கிறாளா, கோர்ட் காகிதத்தைத் தூக்கிக் காட்டுகிறாளா என்று கேட்டுக்கொண்டே போனான். கதவைத் திறந்து காரைப் பார்த்துக் கத்தவும் தயாராக இருந்தான். மேரிட் கதவின் மேல் கைவைத்து மூடினாள்.

"அம்மா மறக்கல. போகச் சொல்லி ரெண்டு நாளா சண்டையே போட்டா. நான்தான் வரலைன்னேன்."

கர்ட் கதவுக் கைப்பிடியை விட்டான். ஏன் என்று அவளே சொன்னாள், யாருடைய கதையையோ சொல்வது மாதிரி. போன வருடம் வேட்டை தொடங்குவதற்கு முந்தின சனி, ஞாயிறு அவள் இங்கே இருந்தாள். அது அப்பாவின் வருடம் என்று நம்பி, அவன் துப்பாக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த இரண்டு நாளும் உட்கார்ந்து பதினோரு கோழி வெட்டி, இதே சுவரில் ஒட்டினாள். ஞாயிறு மாலை காரில் கொண்டுபோய் விடும்போதுதான், இந்தத் தடவை நீ அம்மாவோடு இருக்கிறாய் என்று அவன் சொன்னான். டிசம்பரில் திரும்பி வந்தபோது சுவரில் ஒன்றும் இல்லை.

"கோழிங்க எங்கப்பான்னு கேட்டேன். கொட்டகையிலேர்ந்து நனைஞ்சு வந்தேன், அடுப்பு பத்தவைக்கக் காகிதம் இல்ல, அதுங்க நல்லா பத்திக்கிச்சுன்னு சொன்னீங்க. சொல்லிட்டு சிரிச்சீங்க."

கர்ட் நினைத்து நினைத்துப் பார்த்தான். நனைந்து வந்தது ஞாபகம் இருந்தது. மான் கொம்பு ஞாபகம் இருந்தது. கோழி ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம்; ஆனால் செய்தது நினைவே இல்லாதவன் எந்த முகத்தோடு கேட்பான்? இருந்தாலும் கேட்டான். பரவாயில்லை என்றாள் மேரிட், அந்தப் பாழாய்ப்போன மரியாதையோடு. இப்போது கோபமெல்லாம் இல்லை, அங்கே நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். உண்மையாகவே அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டாவது பிழைத்திருப்பான்.

வெளியே டானா மெதுவாக ஹார்ன் அடித்தாள். மேரிட் அவனை ஒரு தடவை கட்டிக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தாள். விடப்போகும் நேரத்தில் கர்ட் கேட்டுவிட்டான்.

"அடுத்த வருஷம்?"

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"அடுத்த வருஷம் உங்க வருஷம்பா. கோர்ட்ல எழுதியிருக்கே, வந்துதான ஆகணும்."

கார் திரும்பிப் போனது. கர்ட் வாசலிலேயே நின்றான். அவள் சொன்னது சரிதான். அடுத்த வருடம் அவள் கட்டாயம் வருவாள், அதை யாராலும் தடுக்க முடியாது.