இஞ்சென்யேரே வாங்கப்போன கடற்கரைக் காணி

எழுபத்தொரு வயதில் ஃபொதாலே என்ற மனிதருக்குக் கடல்பித்துப் பிடித்தது. பலேர்மோ துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு இன்னும் என்ன கடல் வேண்டிக்கிடக்கிறது என்று மகள் மிலானோவிலிருந்து தொலைபேசியில் சத்தம் போட்டாள். அவர் கேட்பதாயில்லை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருந்த கோடை வீட்டை விற்றாயிற்று. அந்தப் பணத்தைக் கொண்டு இந்தோனேசியாவில், சுமாத்திராவின் மேற்குக் கரையில், முவாரா கெலப்பா என்ற சின்ன ஊரில் கடலோரக் காணியொன்று வாங்குவது. ஐந்து மரக்குடில்கள் கட்டுவது. நாலை உல்லாசப் பயணிகளுக்கு விட்டு, ஐந்தாவதில் தான் இருப்பது. இதுதான் திட்டம்.

டெனிஸ்டனுக்கு இது ஒன்றும் தெரியாது. பலேர்மோவில், ஒரேத்தோப் பக்கம் இருந்த ஃபொதாலேயின் வீட்டுக்குக் காலை எட்டு மணிக்கு வந்து, சமைத்து, தரை துடைத்து, சட்டைகளை அயர்ன் பண்ணி வைத்துவிட்டு ஒரு மணிக்குப் போகிறவன் அவன். ஏழு வருஷமாக அதே வேலை. படித்த மனிதர்களைப் பட்டம் சொல்லிக் கூப்பிடுவதுதான் அந்த ஊர் மரியாதை. ஆகவே அவனுக்கு அவர் இஞ்சென்யேரே, பொறியியலாளர் ஐயா. அவருக்கு அவன் டெனி.

ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு இஞ்சென்யேரே கொம்பியூட்டருக்கு முன்னால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவன் ஹென்ட்ரா என்ற தரகன். தலைமயிருக்குப் பூசிய ஜெல் திரையிலும் மினுங்கியது. மற்றவள் காணிக்காரி, முக்காடு போட்ட ஐம்பது வயதுப் பெண். இபு மர்னி என்று அறிமுகப்படுத்தினான். இபு என்றால் அம்மா.

இஞ்சென்யேரே தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேள்விகளைத் தாளில் பார்த்து வாசித்தார். றோட்டு எப்படி? கரண்ட் எப்படி? எல்லாவற்றுக்கும் ஹென்ட்ரா, "நோ ப்ரொப்ளம், சேர்," என்றான்.

"தண்ணீர்?"

"மிக நல்ல தண்ணீர், சேர்."

அப்போது இபு மர்னி அவன் விலாவில் முழங்கையால் இடித்து, தங்கள் பாஷையில் சொன்னாள்: "கோடையில் கிணறு உப்பாகிவிடும் என்று சொல்லடா தம்பி. நாளைக்கு அந்த மனிதர் கோப்பி போட்டுக் குடித்துவிட்டு என்னையல்லவா திட்டுவார்?"

"சும்மா இருங்கள், இபு. முதலில் கையெழுத்து வைக்கட்டும்."

கோப்பித் தட்டோடு பின்னால் நின்ற டெனிஸ்டனின் வாய் தன்பாட்டில் திறந்தது. "எந்த மாதத்திலிருந்து உப்பாகும், இபு?" என்று அதே பாஷையில் கேட்டுவிட்டான்.

ஹென்ட்ரா திறந்த வாயை மூடவில்லை. இபு மர்னி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"யாரப்பா நீ? மீன் சந்தைக்காரன் மாதிரிப் பேசுகிறாயே!"

"மீன் சந்தையில்தான் பழகினேன், இபு."

அதன்பிறகு அரைமணி நேரம் அவர்கள் இருவரும்தான் கதைத்தார்கள். இஞ்சென்யேரேயின் தலை திரைக்கும் டெனிஸ்டனுக்குமாகத் திரும்பித் திரும்பி ஓய்ந்தது. கிணறு ஆனியிலிருந்து புரட்டாதி வரை உப்பு. மேல்காற்றுக் காலத்தில் கடல் உள்ளே வரும். போன வருஷம் மூன்று தென்னை போயிற்று. வெளிநாட்டுக்காரர் காணியைத் தன் பேரில் எழுத முடியாது, குத்தகைக்குத்தான் எடுக்கலாம். முன்பு வந்த ஒருவர் வீடு கட்டிப் பூட்டிவிட்டுப் போனார். இப்போது அதில் ஆடுகள் குடியிருக்கின்றன.

"எனக்கு விற்கிற அவசரமில்லை," என்றாள் இபு மர்னி. "வருகிறவர் வந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான்."

அழைப்பு முடிந்ததும் இஞ்சென்யேரே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டெனி, ஏழு வருஷமாக என் சட்டையை அயர்ன் பண்ணுகிறவன் யார்?"

டெனிஸ்டன் அந்த அறையில் முதல் தடவையாக ஒரு கதிரையில் உட்கார்ந்தான். மனைவி நிரோசினியைத் தவிர பலேர்மோவில் வேறு எவருக்கும் சொல்லாததைத் தன் இத்தாலிய மொழியில் சொன்னான். இருபத்திரண்டு வயதில், தன் நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருஷம், ஆஸ்திரேலியாவுக்கு என்று ஒரு படகில் ஏறியது. நடுக்கடலில் இன்ஜின் நின்றது. மீன்பிடிக்காரர்கள் இழுத்து வந்து கரைசேர்த்தது. அந்த ஊர் முவாரா கெலப்பாவுக்கு வடக்கே, பஸ்ஸில் மூன்று மணி நேரம். கடதாசி இல்லாதவன் என்று அங்கே பதினாறு மாதம் பிடித்து வைத்தார்கள், ஊருக்குள் மட்டும் நடமாடலாம்.

"பதினாறு மாதமும் என்ன செய்தாய்?"

"காத்திருந்தேன். காத்திருந்து அலுத்துப்போய் ஐஸ் சுமந்தேன்."

"ஐஸா?"

"மீன் விடியப்புறம் வரும். ஐஸ் பெரிய நகரத்திலிருந்து லொறியில் வரும். வந்து சேரும்போது பாதி தண்ணீர். லொறி வராத நாளில் மீனைக் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் கருவாடு."

இஞ்சென்யேரே கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து பென்சிலைத் தேடினார். "நகரம் எத்தனை கிலோமீற்றர்?" என்று கேட்டார். ஒரு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டிய டெனிஸ்டன் அன்று மூன்று மணிக்குத்தான் போனான்.

நிரோசினி, சிஞ்ஞோரா என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டிய ஒரு வீட்டுக்காரம்மாவிடம் வேலை முடித்து அப்போதுதான் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இஞ்சென்யேரே காணியையும் ஐஸ் மெஷினுக்கு ஓர் இடத்தையும் பார்க்கப் போகிறார் என்பதுவரை அவன் முழுவதையும் சொன்னான்.

"உங்களையும் கூட வரச் சொன்னவரோ?"

"ஓம். ரிக்கற் அவர் போடுறாராம். மூண்டு கிழமை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வீட்டில கேக்கோணும் எண்டனான்."

"கேட்டாச்சுத்தானே. போட்டு வாங்கோ."

அவன் சுவரைப் பார்த்தான். "பயமாக் கிடக்கு, நிரோசினி. அங்கை திரும்பவும் பிடிச்சு வைச்சா?"

"உங்களுக்கென்ன விசரே? அப்ப உங்களிட்ட ஒரு கடுதாசியும் இல்லை. இப்ப இத்தாலியன் சிவப்புப் பாஸ்போர்ட் கிடக்கு. எடுத்து எட்டு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் அலுமாரியைத் திறந்து அதைப் பாக்கிறியள், ஒருக்காவும் பாவிக்கேல்லை. அது என்ன சாமிப்படமோ?"

பத்து வயதுக் கேசிகா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "தவ்வேரோ, அப்பா? மெய்யாவே படகில போனனீங்களோ? எனக்கேன் சொல்லேல்லை?"

"வந்து சொல்லுறன்," என்று அவன் அவளுடைய கொப்பியை அவள் பக்கம் தள்ளினான். அடுத்த நாள் லீவு விண்ணப்பம் எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை, முதலாளிதான் கூட வருகிறாரே.

சுமாத்திராவில் விமானம் இறங்கியபோது டெனிஸ்டன் பாஸ்போர்ட்டை மூன்றாம் தடவையாகத் திறந்து பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, "எதற்காக வந்தீர்கள்?" என்று இங்கிலீசில் கேட்டாள். வழி முழுவதும் மனப்பாடம் பண்ணிய பதில்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"ஐஸ்," என்றான் அவளுடைய பாஷையில்.

"ஐஸா?" என்று திருப்பிக் கேட்டு, அவனை ஒருமுறை பார்த்து, இஞ்சென்யேரேயின் வைக்கோல் தொப்பியை ஒருமுறை பார்த்து, சிரித்துக்கொண்டே சீல் குத்தினாள். அவன் கழிவறைக்குப் போய் ஐந்து நிமிஷம் முகம் கழுவினான். வெளியே வந்தபோது இரண்டு பெட்டிகளையும் பிடித்துக்கொண்டு நின்ற இஞ்சென்யேரே திட்டினார். அந்தத் திட்டு அவனுக்கு நன்றாக இருந்தது.

முவாரா கெலப்பாவில் இஞ்சென்யேரே மூன்று நாள் கரையில் குந்தியிருந்தார். ஒரு தடி, ஒரு நூல், ஒரு கொப்பி. அலை எங்கே உடைகிறது, மணல் எந்தப் பக்கம் போகிறது என்று குறித்தார். நாலாம் நாள் எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "இங்கே குடில் கட்டினால் பத்து வருஷத்தில் அதில் மீன்தான் வாடகைக்கு இருக்கும்," என்றார். டெனிஸ்டன் மொழிபெயர்த்தான்.

"இதைக் கண்டுபிடிக்க மூன்று நாளா?" என்றாள் இபு மர்னி. "என்னைக் கேட்டிருக்கலாமே!"

ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்கு அவர்மேல் ஒரு மதிப்பு. மீன் இறங்குதுறைக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த நெல்லு மில்லை, ஐஸ் மெஷினுக்கு ஏற்ற இடம் என்று அவள்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கூரை நல்லது; தண்ணீர் மலைப்பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது, உப்பில்லை. இஞ்சென்யேரே சுவரைத் தட்டிப் பார்த்தார். அவருடைய முகம் பிறந்தநாள் வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது என்று டெனிஸ்டன் இரவு நிரோசினிக்குச் சொன்னான்.

ஐஸ் மெஷின் மீன்காரப் பெண்களின் சங்கத்தின் பேரில் வாங்குவது, பணம் போட்டவர்களுக்கு இலாபத்தில் பங்கு என்று நொத்தாரிசுக்கு முன்னால் எழுதினார்கள். கடதாசி வேலை முழுவதையும் ஹென்ட்ராதான் ஓடியோடிச் செய்தான். ஆள் பொல்லாதவனில்லை, அவசரக்காரன். ஊரில் வேறு தொழில் இல்லாததால் தரகனானவன்.

எழுதுவதற்கு முதல்நாள் டெனிஸ்டன் பலேர்மோவுக்குப் போன் எடுத்தான்.

"இஞ்சரும், கார் வாங்கவெண்டு வைச்ச காசை இதில போடட்டோ? சின்னப் பங்குதான்."

"போடுங்கோ. காரை ஆர் ஓடுறது? உங்களிட்ட லைசன்சே இல்லை."

மூன்று கிழமை முடிந்து டெனிஸ்டன் தனியாகத்தான் திரும்பினான். இஞ்சென்யேரே விசாவை நீட்டிக்கொண்டு, இபு மர்னியின் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து அங்கேயே நின்றுவிட்டார். மிலானோ மகள் டெனிஸ்டனுக்குப் போன் எடுத்து, "என் அப்பாவை எங்கே விட்டுவிட்டு வந்தாய்?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். அவன் நடந்ததை ஒழுங்காகச் சொன்னான். அவள் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லிச் சாவியை அவனிடமே விட்டாள். காலை வேலை போய்விட்டதே என்று கலங்கியவனுக்கு, மீன் பார்த்து வாங்கத் தெரிந்த ஆள் என்று ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் இடம் கிடைத்தது. பஸ்தான் இரண்டு மாற வேண்டும்.

மெஷின் முதல் இரண்டு மாதம் எல்லோரையும் படுத்தி எடுத்தது. கரண்ட் போகும், ஐஸ் பாதியில் கஞ்சியாகும், பெண்கள் சண்டைக்கு வருவார்கள். மூன்றாம் மாதம் ஜெனரேற்றர் பூட்டிய பிறகு ஒழுங்காக ஓடியது. லொறிக்குக் காத்திருந்த வள்ளங்கள் இப்போது வடக்கிலிருந்தும் வருகின்றன என்று ஹென்ட்ரா படம் அனுப்பினான். அவற்றில் ஒன்று தான் ஐஸ் சுமந்த ஊரின் வள்ளம் என்று டெனிஸ்டன் அதன் நிறத்தில் அடையாளம் கண்டு, அந்தப் படத்தைக் கேசிகாவுக்குக் காட்டி, ஒரு மாலை முழுவதும் இருந்து அவளுக்கு எல்லாக் கதையும் சொன்னான்.

மார்கழியில் இஞ்சென்யேரே டொக்டரிடம் காட்டவென்று பலேர்மோவுக்கு வந்தார். வயிறு வற்றி, கறுத்து, பத்து வயது குறைந்திருந்தார். மகள் மிலானோவிலிருந்து வந்து பார்த்துவிட்டு, சத்தம் போட ஒன்றும் கிடைக்காமல் அவரைக் கட்டிப்பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் டெனிஸ்டனின் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நண்டுக் குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்.

நிரோசினி தண்ணீரை ஊற்றிவிட்டு, நேராகவே இத்தாலியனில் கேட்டாள்: "இபு மர்னி வீட்டு மாடியில் எத்தனை அறை?"

"மூன்று, சிஞ்ஞோரா."

நாள் முழுவதும் மற்றவர்களை அப்படிக் கூப்பிடுகிற நிரோசினி, தண்ணீர்ப் போத்தலோடு அப்படியே நின்றாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு எங்கள் மூண்டு பேருக்கும் காணும்," என்று புருஷனிடம் தமிழில் சொன்னாள். "பள்ளிக்கூடம் ஆனியில விடுதாம், அங்கை போவம். நீங்கள் இப்பவே லீவு சொல்லி வையுங்கோ."