கச்சான் காற்றில் ஒரு பொய் மழை

எனக்குப் பொறுமை கிடையாது. மீன் வளர்ப்பவளுக்கு அது கட்டாயம் வேண்டுமாம். கடையில் விற்றால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கட்டாரில் வேலைக்கு விசா வந்த அன்று என் புருஷன் சிவரூபன் என் மீன் தொட்டியைப் பார்த்து ஒரு கதை சொன்னார். "உன்ரை மீன் முட்டை போட்டால் நான் இஞ்சை நிண்டு குஞ்சு வளர்க்கிறன். போடாட்டி பிளேன் ஏறுறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. போகாதேங்கோ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயணம் வெளிக்கிட்டவரை மறித்தால் போகிற இடத்தில் ஆபத்து வரும் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்துவிட்டார்கள். எங்கள் ஊர் உப்புவெளி முழுக்க வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை.

மறுநாளே பஸ் ஏறி டவுனில் நுஸ்கியின் வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன்.

"லேசாக் குஞ்சு பொரிக்கிற கெளிறு மீன் தாங்கோ. கெதியா முட்டை போட வேணும், வீட்டிலை இருக்கிற மீன் போடாது."

நுஸ்கி ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினான். "சிவப்பு வால் வேணாம் அக்கா, வளந்தா உங்கட வீடே காணாது. கண்ணாடிக் கெளிறு வடிவு, ஆனா தொட்டியில முட்டை போடுறது குறைவு. முள்மூக்கன் லேசுதான், ஆனா ஆண் காவல் இருக்கப் பொந்து வேணும். கொறி எண்ட இந்தக் குட்டிக் கெளிறுதான் உங்களுக்குச் சரி. மழை வந்தாக் கண்ணாடியிலேயே முட்டையை ஒட்டிடும்."

"மழைக்கு எங்கை போறது? மழையில்லாத கச்சான் காத்தெல்லோ வீசுது."

"குளிர் தண்ணி விடுங்க. மழை எண்டு ஏமாந்திடும்."

கச்சான் காற்று வீட்டையே அடுப்பாக்கியிருந்தது. மீசை வைத்த அந்தக் குட்டிக் கெளிறுகள் மணலைக் கிண்டிக்கொண்டு திரிந்தன, என்னைச் சட்டை செய்யவேயில்லை. நான் தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சிவரூபன் சூட்கேஸைத் திறப்பார், மூடுவார். அதற்கும் சண்டை பிடித்தேன்.

டிக்கெட் வந்த மறுநாள் விடிய, பிரிட்ஜ் ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டித் தொட்டிக்குள் இறக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தால் மீன்கள் அடியில் அசையாமல் கிடந்தன. தண்ணீருக்குள் கையை விட்டேன், விறைத்தது. என் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பை. அதற்குள் மீன்பிடி வள்ளக்காரர் கடலுக்குக் கொண்டுபோகிற பெரிய ஐஸ் கட்டி.

குசினி வாசலில் சிவரூபன் நனைந்த கையோடு நின்றார்.

"நீங்களும் போட்டனீங்களோ?"

"ஓம். நேற்றும் போட்டனான்."

இரண்டு பைகளையும் இழுத்து முற்றத்தில் எறிந்தேன். "விசர் மனுசன், மீனைக் கொல்லவோ பாத்தனீங்கள்?" என்று கத்தத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டேன். போகத் துடிக்கிற மனுசன் எதற்கு ஐஸ் போட வேண்டும்? அழுகை வந்துவிட்டது. தொட்டிக்குள் ஒரு மீன் மெல்ல மீசையை ஆட்டியது.

"போகாதேங்கோ," என்றேன்.

அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார். "நீ ஒண்டும் சொல்லேல்லை. போகட்டும் எண்டு இருக்கிறாய் எண்டெல்லோ நான் நினைச்சனான். இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு ஐஸ் வேணுமே?"

சூட்கேஸை நான்தான் அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். கெளிறுகள் இன்னும் முட்டை போடவில்லை. ஆற அமரப் போடட்டும்.